மேற்பார்வை நரம்பு

சுறாவுக்கு எலும்பு கிடையாது. உடம்பு முழுக்கக் குருத்தெலும்புதான். நம் காது மடலை மடக்கினால் எப்படி வளையுமோ அப்படி வளையும். அந்தக் கல்லூரியின் விலங்கியல் துறையில் இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவார்கள். சொல்லும்போது துறைத்தலைவரின் குரல் குழைந்து போகும். எலும்பு வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றதெல்லாம் மண்ணுக்குள் போய்விட்டது, இது வளைந்து கொடுத்தது, அதனால்தான் இத்தனை கோடி வருஷமாக இருக்கிறது என்பார். உதவிப் பேராசிரியர்கள் தலையை ஆட்டுவார்கள். எந்தப் பக்கமும் ஆட்டுவதற்கு வசதியான கழுத்து அவர்களுக்கு.

மற்ற இடங்களில் சுறாவின் மூளையிலிருந்து பத்து ஜோடி நரம்புகள் கிளம்புவதாகப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அந்தக் கல்லூரிச் சுறாக்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று. ஜோடியெல்லாம் இல்லை, ஒற்றைதான். துறையை நிறுவிய பெரியவர் அதைக் கண்டுபிடித்துத் தன் கையாலேயே ஒரு படமும் வரைந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆளுயரப் படம். ஆய்வகச் சுவரில் சந்தனக் கலரில் ஒரு கோடு பத்தாவது நரம்பிலிருந்து பிரிந்து கிளம்பும். ஐந்து செவுள்களையும் ஒன்று விடாமல் எட்டிப் பார்க்கும். கல்லீரலின் இடது மடலை ஒரு சுற்று சுற்றும். குடல் வரை இறங்கி விசாரித்துவிட்டு, வந்த வழியே ஏறி, புறப்பட்ட இடத்திலேயே போய் முடியும். வழியில் எந்தத் தசையையும் அசைக்காது, எதையும் உணரவும் உணராது. பிறகு அது என்னதான் செய்கிறது என்று யாராவது கேட்டால் துறைத்தலைவரிடம் பதில் தயாராக இருந்தது. மற்ற நரம்பெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று அது பார்த்துக்கொள்கிறது.

பெரியவர் அதற்கு வைத்த பெயர் மேற்பார்வை நரம்பு. துறையின் முத்திரையில் அது இருந்தது. துறை வாசலில் உள்ள தோட்டப் பாதையையும் அதே வடிவத்தில் போட்டிருந்தார்கள். கேன்டீனுக்கு என்று கிளம்புகிறவன் அந்தப் பாதையிலேயே நடந்தால் ஒரு சுற்று சுற்றி மறுபடி துறைத்தலைவரின் அறை வாசலில் வந்து நிற்பான். பசிக்கிறவர்கள் புல்தரை வழியாகப் போனார்கள்.

நம் ஆளுக்கு அங்கே பெயர் அரியர். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஹால் டிக்கெட்டில் இருக்கும். எல்லாப் பாடமும் தேறி, சுறா பிராக்டிகல் ஒன்று மட்டும் அரியராக நின்றதால் ஜூனியர்கள் அரியர் அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்து, அந்த ஜூனியர்களும் படித்து முடித்துப் போய், இப்போது வாத்தியார்களே அப்படித்தான் கூப்பிட்டார்கள். மீன் ஏற்றுமதி செய்கிற கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் அவனுக்குத் தற்காலிக வேலை. வேலை வாங்கிக் கொடுத்தது மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவின் சூப்பர்வைசர். பட்டம் வந்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். சொன்ன மனுஷர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்த முறையும் வராவிட்டால் அந்த நாற்காலிக்கு வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டார். கல்லூரியிலோ பாடத்திட்டத்தை மாற்றுகிறார்கள். பழைய பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசித் தேர்வு. ஆக, இந்தத் தடவை சுறா கைவிட்டால் பட்டமும் இல்லை, நாற்காலியும் இல்லை.

அவனுக்கு வெட்டத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. முதல் தடவை தேர்வில் உட்கார்ந்தபோதே அழகாகத்தான் வெட்டினான். உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கிற தோலைக் கீறி உரித்து, தலையின் குருத்தெலும்பை ஸ்கால்பெல்லால் மெல்லிசு மெல்லிசாகச் சீவி, மூளை வெளியே தெரிகிற மாதிரி எடுத்து, நரம்பு ஒவ்வொன்றையும் பிரித்து, அடியில் கருப்புக் காகிதத் துண்டு செருகி, பத்துக்கும் சின்னச் சின்னக் கொடி குத்தினான். சுறாவின் உடம்பிலிருந்து அமோனியா நெடி கிளம்பி ஹால் முழுக்க எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தபோது, இவன் மட்டும் கண்ணில் நீர் வழிய மேற்பார்வை நரம்பைத் தேடிக்கொண்டிருந்தான். செவுளைப் புரட்டினான். கல்லீரலின் இடது மடலைத் தூக்கிப் பார்த்தான். எண்ணெய் பூத்த கை வழுக்கியது. வலது மடலையும் பார்த்து வைத்தான். தேர்வாளர் வந்து நின்று, எங்கே என்று கேட்டார். இல்லை சார் என்றான்.

தேர்வாளர் குனிந்து மீனைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"அங்க இருக்கே," என்றார்.

அந்த ஒரு 'இல்லை'க்காக அவன்மேல் விசாரணை வந்தது. துறையில் நரம்புப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் துறைத்தலைவரும் இரண்டு பேராசிரியர்களும், இந்தப் பக்கம் இவன். குற்றச்சாட்டு எளிமையானது. ஒவ்வொரு சுறாவிலும் அந்த நரம்பு உண்டு என்பது நிறுவப்பட்ட உண்மை. இவன் மீனில் அது இல்லை. ஆக இவன் அதை வெட்டித் தொலைத்திருக்கிறான். எங்கே போட்டாய் என்று கேட்டார்கள். போடவில்லை என்றான். கழிவு வாளியைக் கொண்டுவரச் சொன்னார்கள். முனைவர் பட்டம் வாங்கிய மூன்று பேர் முழங்கை வரை ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, மீன் குடலை ஃபோர்செப்ஸால் கிளறித் தேடினார்கள். ஒரு ரப்பர் பேண்டும், ஒரு பேனா மூடியும், பாதிப் பேருந்துச் சீட்டும் கிடைத்தன. கிடைக்காததை வைத்து, நரம்பை அவன் வேண்டுமென்றே மறைத்துவிட்டான் என்று முடிவானது.

அன்றைக்குத் துறைத்தலைவர் அவனுக்கு ஒரு சின்ன உரை ஆற்றினார்.

"தம்பி, இருக்குன்னு சொல்றதுக்குப் படிப்பு போதும். இல்லைன்னு சொல்றதுக்கு அதிகாரம் வேணும். எனக்கே அந்த அதிகாரம் இன்னும் வரலை. நீ பட்டமே வாங்காத பையன், உனக்கு எங்கிருந்து வந்தது?"

உண்மையாகவே தன் கண்ணில்தான் கோளாறோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நம் ஜனங்களின் சுபாவம் அப்படி. பெரிய இடத்தில் ஒன்று தெரிகிறது என்று சொன்னால், நமக்குத் தெரியாவிட்டால், முதலில் கண் டாக்டரிடம்தான் போவோம். அவனும் போனான். டாக்டர் எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படிக்க வைத்துவிட்டு, கண்ணாடி தேவையில்லை என்று அனுப்பிவிட்டார்.

அதற்கப்புறம் சில வருஷம் தேர்வுப் பக்கமே போகாமல் வீட்டிலேயே பழகிக்கொண்டிருந்தான். சந்தையில் சின்னச் சின்னச் சுறாக்களாக வாங்கிவந்து, சாப்பாட்டு மேஜைமேல் பழைய பேப்பர் விரித்து வெட்டினான். மனைவி வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டு, அக்கம்பக்கத்துக்கு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துக் கொடுப்பவள். தைத்த துணியெல்லாம் அமோனியா வாடை அடிக்கிறது என்று வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்தால் தயிருக்குப் பக்கத்தில் ஒரு தலை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும். அவள் ரொம்ப நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள், நானா இல்லை அந்த நரம்பா என்று கேட்டேவிட்டாள். நரம்பைக் கண்டுபிடித்துவிட்டு வந்து பதில் சொல்கிறேன் என்று அவன் சொன்னது அவள் மனதைத் தேற்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தால் இன்னும் கஷ்டம். காலை நீட்டி உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நிதானமாக ஆரம்பிப்பார். "மாப்பிள்ளை, சந்தையில நம்ம மீன்காரர் செல்போன் பேசிக்கிட்டே சுறா வெட்டுறாரு. நீங்க வருஷக்கணக்கா வெட்டுறீங்க. அதுலயும் எதையோ தொலைச்சுட்டீங்களாமே." அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்ப் பின்வாசலில் நிற்பான். அங்கே தெருப்பூனைகள் வரிசையாக உட்கார்ந்து அவனை ஆசையாகப் பார்க்கும். அந்த வீட்டில் அவனை அப்படிப் பார்த்தது அதுகள் மட்டும்தான்.

இரண்டாம் தேர்வுக்கு முன்னால், அசல் நரம்பை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அனுமதி கேட்டு அலைந்தான். பெரியவர் வெட்டிக் காட்டிய அந்த முதல் சுறா துறையின் அருங்காட்சியகத்தில் கண்ணாடி ஜாடியில் இருந்தது. மூடியைச் சுற்றி அரக்கு வைத்து மூடியிருந்தார்கள். உள்ளே மீன் கெடாமல் இருக்க ஊற்றிய ஃபார்மலின் பழுத்துத் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. துறைத்தலைவரே சாவி போட்டு அறையைத் திறந்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, அவனை ஜாடிக்கு முன்னால் நிறுத்தினார். அவன் மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தான்.

"தெரியுதா?"

"என் முகம்தான் சார் தெரியுது."

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும்," என்று அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

இரண்டாம் தேர்விலும் அவன் மீனில் அது இல்லை. இந்த முறை வாயைத் திறக்கவில்லை, வெறுமனே நின்றான். வெறுமனே நிற்பதற்கு மதிப்பெண் கிடையாது என்று சொல்லிவிட்டுத் தேர்வாளர் அடுத்த மேஜைக்குப் போனார். அங்கே கண்ணாடி போட்ட ஒரு பெண். அவள் மீனைக் கிடத்தியிருந்த மெழுகுத் தட்டில் செவுள்களைத் தாண்டி, கல்லீரலைச் சுற்றி, குடல்வரை இறங்கி, மறுபடி மூளைக்கே ஏறிப் போனது ஒரு நரம்பு, சுவரில் இருக்கிற படத்திலிருந்து இறங்கி வந்த மாதிரி. தேர்வாளர் சபாஷ் என்று எழுதிவிட்டுப் போனார். மணி அடித்ததும் அரியர் ஓடிப்போய், எப்படிக் கண்டுபிடித்தாய் தாயே என்று கேட்டான்.

அவள் அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள். "என்னண்ணா, நீங்க நூல் கொண்டுவரலையா?"

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் பென்சில் டப்பாவைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு நூல்கண்டு. எல்லோரும் வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் சட்டைக் கஃப்பிலிருந்து எடுத்தான், ஒருத்தி கைக்குட்டை முனையிலிருந்து. இவன் ஒருத்தன்தான் இத்தனை வருஷமும் சுறாவுக்குள் சுறாவைத் தேடிக்கொண்டிருந்தவன். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டான். இதையெல்லாமா அண்ணா சொல்லிக் கொடுப்பாங்க, இது பொது அறிவு இல்லையா என்றார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னான். அவள் மிஷினை மிதிப்பதை நிறுத்தினாள். எச்சில் தொட்டு ஊசியில் நூல் கோத்தாள். கோத்ததை உருவிப் போட்டாள்.

"ஏங்க, என் கைக்குப் பக்கத்துல டப்பா நிறைய நூலு. நீங்க மேஜைமேல மீனைப் போட்டுக்கிட்டு நரம்பு நரம்புன்னு அழுதுட்டு இருந்தீங்க. என் நாலு ரவிக்கை திரும்பி வந்துச்சு. இதுக்கா?"

அவன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கண் டாக்டர், ஒரு விசாரணை, வாளி நிறையக் குடல், ஜாடியில் தன் முகம் எல்லாம் மாறி மாறி வந்து போயின. யார்மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை. மீன்மேல் படலாம் என்றால் அது ஒன்றுதான் அவனிடம் பொய் சொல்லாமல் இருந்தது. நூல் போட மாட்டேன் என்றான். அவள் டப்பாவைத் திறந்து, சந்தனக் கலரில் ஒரு நூல்கண்டைத் தேடி எடுத்து அவன் சட்டைப் பையில் போட்டாள். மேனேஜர் சொன்னதை அவள் நினைவுபடுத்தவில்லை. அவள் அண்ணன் சொல்லப்போவதையும் சொல்லவில்லை. சந்தனக் கலர் கடையில் அவ்வளவாகக் கிடைக்காது, பார்த்துச் செலவு பண்ணுங்கள் என்று மட்டும் சொன்னாள்.

கடைசித் தேர்வு வந்தது. வெளியூரிலிருந்து எக்ஸ்டெர்னலாக ஒரு பேராசிரியர் வந்திருந்தார். வெள்ளைக்கோட்டுப் பையில் பூதக்கண்ணாடி வைத்திருந்தார். பார்க்க நேர்மையான முகம். அந்த ஆண்டு மீன் தட்டுப்பாடு. ஆனாலும் தேர்வு நின்றுவிடக் கூடாது என்பதற்காகப் போன வருஷத்து மீன்களையே வயிற்றைத் தைத்து, ஃபார்மலினில் வைத்திருந்து கொடுத்தார்கள். அரியர் தையலைப் பிரித்து மீனைத் திறந்தான். உள்ளே ஏற்கெனவே ஒரு நூல் ஓடிக்கொண்டிருந்தது. நீல நூல். போன வருஷம் இந்த மீனில் தேறியவர் யாரோ அவசரத்தில் கைக்குக் கிடைத்த நூலைப் போட்டிருக்கிறார்.

அவன் நெடுநேரம் அந்த நீல நூலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, மனைவி சொல்லிக் கொடுத்திருந்தபடி, ஊசியில் சந்தன நூலைக் கோத்து, படத்தைப் பார்த்துப் பார்த்து, செவுளுக்கொரு தையல், கல்லீரலுக்கு ஒரு சுற்று என்று போட்டு முடித்தான். வீட்டில் நாலு ரவிக்கைக்குக் கை மடித்துத் தைத்துப் பழகிவிட்டு வந்திருந்ததால் வேலை சுத்தமாக இருந்தது. நீல நூலை எடுத்துவிடலாமா என்று யோசித்தான். அது யாரோ ஒருவருடைய பட்டம். விட்டுவிட்டான்.

எக்ஸ்டெர்னல் வந்தார், பின்னால் துறைத்தலைவர். எக்ஸ்டெர்னல் பூதக்கண்ணாடியை எடுத்து மீனை, ஆமாம், மீனையே பார்த்தார். அந்த ஹாலில் ஒரு தேர்வாளர் மீனைப் பார்த்ததை அரியர் அன்றைக்குத்தான் பார்த்தான்.

"ரெண்டு ஓடுதே. இதுல எது மேற்பார்வை நரம்பு?"

சந்தனக் கலர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ராத்திரி முழுக்கச் சொல்லிப் பார்த்திருந்தான். ஆனால் அந்த நேர்மையான முகத்தைப் பார்த்ததும், வருஷக்கணக்காக உள்ளே கிடந்து புளித்தது வேறு மாதிரி வெளியே வந்துவிட்டது.

"ரெண்டும் நூல் சார்," என்றான்.

ஹாலில் ஸ்கால்பெல் சத்தங்கள் நின்றன. அவன் கண்ணை மூடிக்கொண்டான். நாற்காலி போயிற்று, பட்டம் போயிற்று, மச்சான் காலை நீட்டி உட்காருகிறார். ஆனால் நெஞ்சுக்குள் என்னவோ லேசாக இருந்தது. சொல்லியாகிவிட்டது. இனி இந்தத் துறை இடிந்து விழுந்தால் விழட்டும்.

துறை இடியவில்லை. எக்ஸ்டெர்னல் நூலை விரலால் நெருடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியுது. காட்டன்," என்று துறைத்தலைவர் பக்கம் திரும்பினார். "நீங்க இன்னும் காட்டன்தான் போடுறீங்களா? எங்க துறையிலயும் இப்படி ஒரு நரம்பு உண்டு, பட்டு நூலுக்கு மாறி எவ்வளவோ நாளாச்சு. ஃபார்மலின்ல காட்டன் உப்பிடும். நரம்போட இயற்கைத் தன்மை போயிடுது."

துறைத்தலைவரின் முகம் சிவந்தது. நிறுவனரே காட்டன்தான் போட்டார் என்றார். ஜாடியில் அது இன்றைக்கும் இருக்கிறது, அரக்கை உடைத்து வேண்டுமானாலும் காட்டுகிறேன் என்றார். எக்ஸ்டெர்னல், பட்டில் ஒரு பளபளப்பு வருகிறதே, உயிருள்ள நரம்பில் அதுதானே விசேஷம் என்றார். பளபளப்பு எல்லாம் விளம்பரம் என்றார் துறைத்தலைவர். இருவரும் அரியரின் மீனுக்கு மேலே குனிந்து, அவனைத் தோளால் தள்ளிவிட்டு, நெடுநேரம் அறிவியல் பேசினார்கள். அவன் மெதுவாக நடுவில் புகுந்து, அப்படியானால் அந்த நரம்பு நிஜமாகவே இல்லையா சார் என்று கேட்டான்.

துறைத்தலைவர் நிமிர்ந்தார். கோபம் இல்லை, குழந்தைக்குச் சொல்வது போலத்தான் சொன்னார்.

"இருந்தா நூல் எதுக்குப்பா? நூல் போடுறது ஏமாத்து வேலை இல்லை. நரம்பு இருக்க வேண்டிய இடத்தை நாம காட்டுறோம். இருக்க வேண்டிய இடத்துல இல்லாம போனது மீனோட ஒழுங்கீனம். அதுக்காக நாம பாடத்தை மாத்த முடியுமா?"

"அப்ப என்னை எதுக்கு சார் இத்தனை வருஷம் ஃபெயில் போட்டீங்க?"

"நீ நூல் கொண்டுவரலையே. தேர்வுக்கு உபகரணம் இல்லாம வந்தா?"

அவனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்த நேரத்துக்கு அமோனியா நெடி வசதியாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

காட்டன்தான் சிறந்தது என்று எக்ஸ்டெர்னலுக்கு நிரூபிக்க வேண்டியிருந்ததால், அரியரின் மீனுக்குத் துறையின் வரலாற்றிலேயே அதிக மதிப்பெண் போட்டார்கள். அந்த மீனையே ஜாடியில் போட்டு, பெரியவரின் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஃபார்மலின் புதுசு, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நீல நூலுக்கும் ஒரு விளக்கச் சீட்டு ஒட்டியிருந்தார்கள்: அரிதான கிளை நரம்பு.

பட்டம் வந்தது. வேலை நிரந்தரமானது. இனி அவனை அவர் என்று சொல்வதுதான் முறை. மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் காலை மடக்கி உட்கார ஆரம்பித்தார். வீட்டில் சுறா வாடை போய்விட்டது. பூனைகள் வேறு தெருவுக்குப் போய்விட்டன. கம்பெனியில் அவர் நல்லபடியாகத்தான் வேலை செய்தார். பரிசோதனைக்கு வருகிற சுறாக்களை வெட்டும்போது, இடது மடலைத் தூக்கி ஒரு பார்வை பார்க்கிற பழக்கம் மட்டும் விடவில்லை. ஒன்றும் இருக்காது. அதில் அவருக்கு ஒரு திருப்தி.

அப்படி இருக்கையில்தான் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. பாடத்திட்டம் மாறியிருந்தது, அட்டையின் நிறம் மாறி, உள்ளே மேற்பார்வை நரம்பு இன்னும் ஒரு பக்கம் கூடியிருந்தது. தேர்வுக் குழுவில் தொழில்துறை நிபுணர் ஒருவர் இருக்க வேண்டும் என்று புது விதி. ஜாடியில் மீன் உள்ள பழைய மாணவரை விட்டால் வேறு யார்.

முந்தின நாள் முழுக்க அவர் வீட்டில் நடந்துகொண்டே இருந்தார். போய் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்றார். இப்போது தனக்கு அதிகாரம் இருக்கிறது என்றார். மனைவி பட்டன் தைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். இல்லைன்னு நீங்களே சொல்லிட்டா உங்க பட்டத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டாள். அவர் நடப்பதை நிறுத்தினார். கிளம்பும்போது, யாரும் பார்க்காத நேரத்தில், அவள் டப்பாவிலிருந்து ஒரு நூல்கண்டை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று.

ஹாலில் அதே படம், அதே நெடி. மூன்றாவது மேஜையில் ஒரு பெண். பத்து நரம்பையும் பிரித்து, கருப்புக் காகிதம் செருகி, கொடி குத்தி, அவ்வளவு அழகாக எடுத்திருந்தாள். இவர் தன் முதல் தேர்வையே திரும்பப் பார்த்தது போல நின்றார். அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

துறைத்தலைவர் பக்கத்தில் நின்று, மேற்பார்வை நரம்பு எங்கேம்மா என்று கேட்டார்.

"எல்லா இடத்துலயும் பார்த்துட்டேன் சார். இல்லை."

துறைத்தலைவர் படத்தைப் பார்க்கவில்லை. புன்னகையோடு இவரைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா."

அருங்காட்சியகக் கதவு திறந்திருந்தது. உள்ளே அவருடைய ஜாடி வெயிலில் பளபளத்தது. அந்தப் பெண் அவரையே பார்த்தாள். கம்பெனிக்காரர், வெளியிலிருந்து வந்தவர், நியாயமாகச் சொல்வார் என்ற நம்பிக்கை அவள் முகத்தில் இருந்தது. அந்த முகத்தை நெடுநேரம் பார்க்க முடியவில்லை. அவர் பையிலிருந்து நூல்கண்டை எடுத்து, மெழுகுத் தட்டின் ஓரமாக, அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நல்லாத் தேடும்மா. பக்கத்துலதான் இருக்கும்."

அவள் மீண்டும் குனிந்தாள். செவுளைப் புரட்டினாள். இடது மடலைத் தூக்கினாள். எண்ணெய் பூத்த கை நூல்கண்டில் பட்டு அது உருண்டு தரையில் விழுந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்து எடுத்து, ஒட்டியிருந்த தூசியை ஊதிவிட்டு, மரியாதையாக இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"சார், இது உங்களோடது. விழுந்துடுச்சு."

அவர் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மதிப்பெண் தாள் வந்தது. துறைத்தலைவர் பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். அந்தப் பெண்ணின் எண்ணுக்கு நேரே ஃபெயில் என்றிருந்த இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே இருந்தாள். கோட்டை வாங்கி ஆணியில் மாட்டியபோது பையில் கனம் தட்டுப்பட்டு, நூல்கண்டை எடுத்துப் பார்த்தாள். ஒரு சுற்றுகூடப் பிரியவில்லை. போய் என்னதான் பண்ணீங்க என்று கேட்டாள்.

அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"மேற்பார்வை."